பகலில் ஏன் உயிர் ஏறுவதில்லை? ‘டான்கார்ட்’ கேள்வி – பதில்

ஸ்கைரிம் என்ற மாயாஜால சாகசக் கேமின் முதல் விரிவாக்கமான ‘டான்கார்ட்’, ரத்தக்காட்டேரிகளுக்கும் (வேம்பயர்) அவற்றை வேட்டையாடும் டான்கார்ட் கூட்டத்துக்கும் நடக்கும் சண்டையைச் சொல்வது. அது 2012 ஜூன் மாதம் எக்ஸ்பாக்ஸ் 360-இல் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் கணினிக்கும், 2013 பிப்ரவரி கடைசியில் பிளேஸ்டேஷன் 3-க்கும் வந்து சேர்ந்தது. இன்றும் புதிதாக அதற்குள் நுழைபவர்கள் நிறையப் பேர். வந்த கேள்விகளில் அடிக்கடி கேட்கப்படுபவற்றை இங்கே சேர்த்திருக்கிறோம். கதையின் முடிவு வரை தொடும் பதில்கள் உண்டு; முடிவு தெரியாமல் ஆட நினைப்பவர்கள் கடைசிப் பகுதியை மட்டும் பிறகு படிக்கலாம்.

கேள்வி: ஸ்பெஷல் எடிஷன் வாங்கியிருக்கிறேன். டான்கார்டைத் தனியாக வாங்க வேண்டுமா? எந்த லெவலில் தொடங்கும்?

வாங்க வேண்டாம். 2016 அக்டோபரில் வந்த ஸ்பெஷல் எடிஷனிலேயே மூன்று விரிவாக்கங்களும் அடக்கம். நீங்கள் லெவல் 10-ஐத் தொட்டதும் காவலர்கள் டான்கார்ட் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். துராக் என்ற ஓர்க் இனத்தவன் ஊருக்குள் உங்களை வழிமறித்து அழைப்பான். அதுவரை காத்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. ரிஃப்டனுக்குத் தென்கிழக்கே ஸ்டெண்டார்ஸ் பீக்கனை ஒட்டி டேஸ்பிரிங் பள்ளத்தாக்கின் வாயில் இருக்கிறது. அதற்குள் நடந்தால் டான்கார்ட் கோட்டை. அங்கே வேட்டையர்களின் தலைவர் ஐஸ்ரனிடம் பேசினால் எந்த லெவலிலும் கதை தொடங்கிவிடும். ஆனால் லெவல் 10-க்குக் கீழே போவதை நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம். முதல் குகையிலேயே உயிரை உறிஞ்சும் மந்திரக்காரர்கள் கூட்டமாக நிற்பார்கள்.

கேள்வி: டிம்ஹாலோ குகையில் வட்ட மேடை. நடுவிலுள்ள பொத்தானை அழுத்தினால் கையில் முள் குத்துகிறது, அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. கேம் நின்றுவிட்டதா?

நிற்கவில்லை. அந்த முள் உங்கள் ரத்தத்தை வாங்கிக்கொண்டதும் மேடைத் தரையில் ஊதா நிற ஒளி பரவுகிறது. அது எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். மேடையைச் சுற்றிக் கல்லில் வெட்டிய வட்டப் பாதைகளில் தீச்சட்டிகள் நிற்கும். ஒளி தொட்டு நிற்கும் இடத்துக்கு ஒரு சட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தால் அதில் ஊதாத் தீ பற்றும். ஒளி அங்கிருந்து அடுத்த இடத்துக்கு நீளும். அங்கே அடுத்த சட்டி. இப்படியே எல்லாம் எரிய வேண்டும்.

பலர் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். சில சட்டிகளை ஒரு தடவை தள்ளினால் போதாது, இரண்டு தடவை தள்ள வேண்டும். சிலர் பற்றிய சட்டியையே மறுபடி தள்ளி அணைத்துவிடுகிறார்கள். தீ பற்றியதும் அதிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். எல்லாம் எரிந்ததும் தரை இறங்கி, நடுவே ஒரு கல்தூண் எழும். அதைத் திறந்தால் முதுகில் எல்டர் ஸ்க்ரோல் என்ற மந்திரச் சுருளுடன் ரத்தக்காட்டேரிப் பெண் செரானா.

கேள்வி: செரானாவின் தந்தையும் ரத்தக்காட்டேரிகளின் தலைவருமான ஹார்கன் தரும் வரத்தை ஏற்பதா, மறுப்பதா? மறுத்தால் வேம்பயர் லார்ட் (உருமாறும் பலமிக்க ரத்தக்காட்டேரி) ஆகவே முடியாதா?

முடியும். வோல்கிஹார் கோட்டையில் ஹார்கன் கேட்கும்போது மறுத்தால் உங்களை வெளியே தள்ளிவிடுவார். நீங்கள் ஐஸ்ரனிடம் திரும்பி டான்கார்ட் பக்கம் சேர்வீர்கள். பிறகு ‘சேஸிங் எக்கோஸ்’ குவெஸ்டில் (கதைப் பணி), ஆன்மாக்கள் அடைபட்ட உலகான சோல் கெய்ர்னுக்குள் நுழையும் தருணம் வரும்போது செரானாவே உங்களை வேம்பயர் லார்ட் ஆக்க முன்வருவாள். ஆகவே ஹார்கன் முன்னால் எடுக்கும் முடிவு எந்த அணி என்பதை மட்டும்தான் தீர்மானிக்கிறது. ‘சேஸிங் எக்கோஸ்’ தொட்டு இரண்டு அணிக்கும் கதை ஏறக்குறைய ஒன்றே. வேறுபடுவது நடுவில் வரும் துணை வேலைகளும் கிடைக்கும் பொருள்களும்தான்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே யோசியுங்கள். நீங்கள் கம்பானியன்ஸ் என்ற வீரர் கூட்டத்தில் சேர்ந்து ஓநாய் மனிதனாக இருந்தால், வேம்பயர் லார்ட் ஆன அந்த நொடியே ஓநாய் ரத்தம் போய்விடும். டான்கார்ட் ஓநாய் வடிவத்துக்கும் 11 பெர்க் (கூடுதல் திறன்) கொண்ட தனித் திறன் மரத்தைத் தந்திருக்கிறது. அதை முழுவதும் அனுபவிக்க நினைத்தால் முதலில் அதை முடித்துவிட்டு இங்கே வாருங்கள். ஹார்கனிடம் பேசும் முன் தனி சேவ் ஒன்று போட்டு வையுங்கள்.

கேள்வி: ரத்தக்காட்டேரியான பிறகு பகலில் வெளியே வந்தால் உயிர், மேஜிக்கா (மந்திர சக்தி), ஸ்டாமினா (உடல் தெம்பு) எதுவும் ஏறவில்லை. முக்காடு போட்டும் பயனில்லை. ரத்தம் குடிப்பது நல்லதா, பட்டினி கிடப்பது நல்லதா?

முதலில் முக்காடு. செரானா வெயிலில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்வதைப் பார்த்து எல்லோரும் இப்படி நினைக்கிறார்கள். அது வெறும் தோற்றம். தலையில் எதை அணிந்தாலும் வெயிலின் பாதிப்பு மாறாது. விளையாட்டு நேரப்படி காலை 5 மணி முதல் இரவு 7 மணி வரை திறந்த வெளியில் இருந்தால் மூன்று அளவுகளும் தானாக ஏறாது. அவற்றின் உச்ச அளவும் குறையும்.

எவ்வளவு குறையும் என்பது நீங்கள் எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ரத்தம் குடித்த உடனே முதல் கட்டம். அதற்குப் பிறகு குடிக்காமல் கழியும் ஒவ்வொரு 24 மணி நேரத்துக்கும் ஒரு கட்டம் ஏறும். 72 மணி நேரத்தில் நான்காவது. வெயிலில் இழப்பது முதல் கட்டத்தில் 15 புள்ளி, பிறகு 30, 45, கடைசியில் 60. தீயால் வரும் கூடுதல் காயம் 20 சதவீதத்தில் தொடங்கி 30, 40, 50 வரை போகும். கைம்மாறாகப் பனி மந்திரத்தைத் தாங்கும் சக்தி 25, 50, 75, கடைசியில் முழு 100 சதவீதம். நோயும் விஷமும் எந்தக் கட்டத்திலும் தொடாது.

பசி ஏற ஏறப் பலமும் ஏறுகிறது, பலவீனமும் ஏறுகிறது என்பதுதான் இதன் அடிப்படை. எனவே பதில் நீங்கள் எங்கே போகிறீர்கள் என்பதில் இருக்கிறது. குகை, பாழடைந்த கோட்டை, சமாதி என்று உள்ளேயே சுற்றினால் நான்காவது கட்டமே நல்லது. வெயில் என்ற பேச்சே இல்லை. டிராகன் வேட்டையோ பகல் பயணமோ என்றால் கிளம்பும் முன் குடித்துவிட்டுப் போங்கள். நெருப்பு கக்கும் டிராகனிடம் நான்காவது கட்டத்தில் போய் நிற்பது பாதி உயிரைக் கொடுத்துவிட்டு நிற்பதற்குச் சமம். டார்க் எல்ஃப் இனத்தவருக்குப் பிறவியிலேயே தீயைத் தாங்கும் சக்தி 50 சதவீதம் இருப்பதால் இந்தக் குறை ஈடாகிவிடும். நோர்டுக்கு இருக்கும் பனிச் சக்தி அந்த அளவுக்கு இங்கே உதவாது, அதைத்தான் ரத்தமே தந்துவிடுகிறதே!

குடிப்பது எப்படி என்று கேட்பவர்களுக்கு: தூங்குபவரின் அருகே பதுங்கிச் சென்று தொட்டால் தேர்வு வரும். யாரும் பார்க்காமல் இருக்க வேண்டும். இன்னொன்று, மூல கேமில் நான்காவது கட்டத்தில் ஊருக்குள் போனால் கண்டவர்கள் எல்லாம் தாக்குவார்கள். டான்கார்ட் அதை நீக்கிவிட்டது. இப்போது தாக்குவது வேம்பயர் லார்ட் உருவத்தில் உங்களைப் பார்த்தால்தான்.

கேள்வி: வேம்பயர் லார்ட் உருவில் ஒரு கோட்டையையே காலி செய்தேன். பெர்க் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஏன்?

நகத்தால் கொன்றிருப்பீர்கள். இந்த மரத்தில் 11 பெர்க்குகள். அவற்றுக்கான கணக்கு ஏறுவது இரண்டே வழியில்: வலது கையிலுள்ள உயிர் உறிஞ்சும் மந்திரத்தால் எதிரியின் கடைசி உயிர் போக வேண்டும், அல்லது தரையில் நிற்கும்போது பலமான தாக்குதலால் கழுத்தைக் கடித்துக் கொல்ல வேண்டும். சாதாரண நகக் கீறலில் செத்தவன் கணக்கில் சேர மாட்டான். நீங்கள் உயிரூட்டிய பிணமோ, வரவழைத்த கார்காயில் என்ற கல் உருவமோ, செரானாவோ முடித்து வைத்தவனும் சேர மாட்டான்.

அதனால் பழக்கத்தை இப்படி மாற்றிக்கொள்ளுங்கள். பதுங்கும் பொத்தானை அழுத்தினால் மிதப்பதும் தரையில் நிற்பதும் மாறி மாறி வரும். கூட்டத்தை முதலில் மிதந்தபடியே உறிஞ்சிக் குறையுங்கள். கடைசி ஒருவன் தள்ளாடும்போது தரையிறங்கி எதிரே நின்று பலமாக அடியுங்கள். கடி விழுந்தால் திரையில் அவன் கழுத்தைப் பிடிக்கும் காட்சி தனியாக வரும். அது வரவில்லை என்றால் அது கடி அல்ல. செரானாவைக் கொஞ்சம் தூரத்தில் காத்திருக்கச் சொல்வதும் உதவும், அவள் வீசும் பனிக்கூர் உங்கள் இரையை அடிக்கடி பறித்துவிடுகிறது.

பெர்க் திரைக்குப் போக அந்த உருவில் இருக்கும்போதே திறன் பக்கத்தைத் திறக்க வேண்டும். மனித உருவில் தேடினால் கிடைக்காது. உயிர், மேஜிக்கா, ஸ்டாமினா மூன்றையும் 50 கூட்டும் ‘பவர் ஆஃப் த கிரேவ்’ கைக்கு வந்ததும் உருவம் முழுக்க வேறாக உணர்வீர்கள்.

உடம்பு பெரிது என்பதால் குறுகிய கதவுகளில் மாட்டிக்கொள்ளும். பெட்டிகளையோ பிணங்களையோ துழாவவும் முடியாது. மிதக்கும்போது தரையிலுள்ள அழுத்தப் பொறிகள் இயங்காது, நீருக்கு மேலும் போகலாம். பழைய சமாதிகளில் இது பெரிய வரப்பிரசாதம்.

கேள்வி: நெக்ரோமேஜ் பெர்க் எடுத்தால் ரத்தக்காட்டேரி இரட்டிப்பு பலம் பெறும் என்கிறார்கள். உண்மையா?

இரட்டிப்பு இல்லை. ஆனால் ஸ்கைரிமில் இதைவிட லாபமான பெர்க் ரத்தக்காட்டேரிக்குக் கிடையாது. குணப்படுத்தும் மந்திரங்களுக்கான ரெஸ்டொரேஷன் திறன் 70-இல் கிடைக்கும். ‘உயிரற்றவர்கள்மீது எல்லா மந்திரமும் கூடுதலாகப் பலிக்கும்’ என்பது அதன் வரி. கேமின் கணக்கில் நீங்களும் உயிரற்றவர். எனவே நீங்களே உங்கள்மீது போட்டுக்கொள்ளும் மந்திரமும், அணியும் மந்திரப் பொருளும் 25 சதவீதம் கூடுதல் வலிமையுடன் வேலை செய்யும். நேரம் 50 சதவீதம் நீளும். ஓக்ஃப்ளெஷ் மந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: கவசம் 40, நேரம் 60 நொடி. நெக்ரோமேஜுடன் கவசம் 50, நேரம் 90 நொடி.

பலர் ஏமாறுவது வரிசையில். முதலில் ரத்தக்காட்டேரி ஆக வேண்டும். அடுத்து நெக்ரோமேஜ். அதற்குப் பிறகுதான் நாட்டில் ஆங்காங்கே நிற்கும் வரக் கற்களின் வரத்தை வாங்க வேண்டும், மோதிரமும் கவசமும் அணிய வேண்டும். ஏற்கெனவே அணிந்திருந்தால் எல்லாவற்றையும் கழற்றி மறுபடி போடுங்கள். கல்லை மறுபடி தொடுங்கள் (ஏற்கெனவே அதே கல் என்றால் வேறொன்றைத் தொட்டுவிட்டுத் திரும்ப வர வேண்டும்). பொருளை அணியும் அந்தக் கணத்தில்தான் கேம் வலிமையைக் கணக்கிடுகிறது. பிறகு நீங்கள் பெர்க் எடுத்தது அதற்குத் தெரியாது.

70 வரை ஏற்றுவது சலிப்பான வேலை. குணப்படுத்தும் மந்திரம் உயிர் குறைந்திருந்தால் மட்டுமே அனுபவம் தரும். லாபிரிந்தியன் பாழில் கிடைக்கும் ஈக்விலிப்ரியம் மந்திரம் உயிரை எடுத்து மேஜிக்காவாக்கும். ஒரு கையில் அது, மறுகையில் குணப்படுத்தும் மந்திரம் என்று பிடித்து நின்றால் திறன் தொடர்ந்து ஏறும். உயிர்க் கோட்டிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள், ஈக்விலிப்ரியம் உங்களைக் கொன்றேவிடும்.

கேள்வி: மனிதனாகவே இருக்க விரும்புகிறேன். டான்கார்ட் பக்கத்தில் உருப்படியாக என்ன கிடைக்கும்?

குறுக்குவில். அடிபட்டவன் பாதித் தடவை தடுமாறி நிற்பான். டான்கார்ட் கோட்டையில் சேரும் சோரின் ஜுரார்ட் தரும் வேலைகளைச் செய்து மேம்பட்ட வகையின் வரைபடத்தைப் பெற்றால் அது எதிரியின் கவசத்தில் 50 சதவீதத்தைக் கணக்கிலேயே எடுக்காது. பூசாரி ஃப்ளோரெண்டியஸைக் கோட்டைக்கு அழைத்து வந்துவிட்டால் அவர் சூரிய மந்திரங்களை விற்பார். சன் ஃபயர் 25 புள்ளி. வேம்பயர்ஸ் பேன் 40 புள்ளியுடன் வெடிக்கும். ஸ்டெண்டார்ஸ் ஆரா 60 நொடிக்கு அருகில் வரும் உயிரற்றவர்களை நொடிக்கு 10 புள்ளி சுடும். எல்லாமே ரெஸ்டொரேஷன் வகை. அதே கோட்டையிலுள்ள கன்மாரிடம் 500 பொன்னுக்குக் கவசம் பூட்டிய ட்ரோல் (பூதம் போன்ற விலங்கு) துணையாகக் கிடைக்கும்.

கேள்வி: சோல் கெய்ர்னுக்குள் போக செரானாவிடம் கடி வாங்கினேன். திரும்பி வந்தால் ஐஸ்ரன் பேச மறுக்கிறார். குவெஸ்ட் உடைந்துவிட்டதா?

உடையவில்லை. ரத்தக்காட்டேரியுடன் அவர் சேர்ந்து வேலை செய்ய மாட்டார், அவ்வளவுதான். குணமாகிவிட்டு வாருங்கள். ஏதாவது ஒரு விடுதிக்காரரிடம் வதந்தி கேட்டால் மோர்தலிலுள்ள ஃபேலியன் பெயரைச் சொல்வார். ஃபேலியனுக்கு நிரப்பிய கறுப்பு ஆன்மக் கல் ஒன்று வேண்டும். காலிக் கல்லை அவரிடமே வாங்கலாம். ஆன்மாவைப் பிடிக்கும் சோல் ட்ராப் மந்திரத்தை ஒரு கொள்ளைக்காரன்மீது போட்டு, மந்திரம் தீரும் முன் அவனைக் கொல்ல வேண்டும்.  கல்லைக் காட்டியதும் மோர்தலுக்கு வெளியே சதுப்பிலுள்ள கல்வட்டத்துக்கு விடியலில் வரச் சொல்வார். காலை 5 மணிக்கு அங்கே இருங்கள்.

இந்த அலைச்சல் வேண்டாம் என்றால், முந்தைய சேவுக்குப் போய் செரானா தரும் இன்னொரு வழியைத் தேர்ந்தெடுங்கள்: ஆன்மாவின் ஒரு பகுதியை அடகு வைப்பது. சோல் கெய்ர்னில் இருக்கும்வரை மூன்று அளவுகளும் குறையும். அங்கேயே ஒரு இடத்தில் அந்தப் பகுதியை மீட்டுக்கொள்ளலாம். மனிதனாகவே வெளியே வருவீர்கள்.

ரத்தக்காட்டேரியின் தாக்குதலில் தொற்றும் நோய் என்றால் இவ்வளவு தேவையில்லை. சாங்குனாரே வாம்பிரிஸ் என்ற அந்த நோய் முழுதாக மாற்ற மூன்று நாள் ஆகும். அதற்குள் ஒரு கோயில் பீடத்தைத் தொடுங்கள், அல்லது பருந்து இறகு ஒன்றைத் தின்னுங்கள். அதன் முதல் குணமே நோய் தீர்ப்பது.

கேள்வி: இரவில் வைட்ரன் நகருக்குப் போனால் ரத்தக்காட்டேரிகள் வந்து கடைக்காரர்களைக் கொன்றுவிடுகின்றன. தடுக்க வழி உண்டா?

இறந்தவர்கள் திரும்பி வர மாட்டார்கள் என்பதால் இது உண்மையிலேயே வலிக்கும் இழப்பு. தாக்குதல் இருட்டிய பிறகு, நீங்கள் ஊருக்குள் வரும்போது நடக்கும். விரைவுப் பயணத்தில் போகும் முன் நேரத்தைக் கணக்கிடுங்கள். இரவில் போய்ச் சேரும் என்றால் கிளம்பும் இடத்திலேயே ‘காத்திரு’ கொடுத்து, பகல் வெளிச்சத்தில் போய் இறங்குங்கள். தாக்குதல் தொடங்கிவிட்டால் முதலில் கூட்டத்தின் தலைவனை வீழ்த்துங்கள். அவனுடன் வரும் நாய்களுடன் நீங்கள் மல்லுக்கட்டும் நேரத்தில் ஊர்க்காரர்கள் கத்தியை உருவிக்கொண்டு அவனிடம் ஓடுவார்கள்.

கேள்வி: ஆன்செஸ்டர் கிளேட் குகையில் எல்டர் ஸ்க்ரோலைப் படிக்க அந்துப்பூச்சிகளைச் சேர்த்தேன், ஒளித்தூணில் நின்றும் ஒன்றும் நடக்கவில்லை.

ஏழு கூட்டம் வேண்டும், உங்களிடம் ஆறுதான் இருக்கும். உங்களைச் சுற்றிய ஒளி நன்றாகக் கூடும்வரை குகையை இன்னொரு சுற்று வாருங்கள். கல்வளைவில் உள்ள கத்தியை எடுத்து மரப்பட்டையைச் சீவிய பிறகுதான் பூச்சிகள் உங்களைத் தேடி வரும்.

கேள்வி: சூரியனை மறைப்பது எப்படி? கதையின் கடைசியில் கிடைக்கும் ஆரியல் வில்லால் எய்தேன், ஒன்றும் ஆகவில்லை.

சாதாரண அம்பு எய்திருப்பீர்கள். வில் மட்டும் தனியே செய்வது 20 புள்ளி சூரியக் காயம், உயிரற்றவர்களுக்கு அது மூன்று மடங்கு. சூரியனை மறைக்க ரத்தச் சாபமேற்ற எல்வன் அம்பு வேண்டும். ஹார்கன் கதை முடிந்த பிறகு எல்வன் அம்புகளைச் செரானாவிடம் கொடுத்தால் அவள் தன் ரத்தத்தால் ஆக்கித் தருவாள். பகலில், வெளியில் நின்று, சூரிய வட்டத்துக்கு நேரே எய்யுங்கள். வானம் சிவந்து இருளும். அடுத்த விடியல்வரை வெயிலின் தொல்லை இல்லை. ரத்தக்காட்டேரியாக நீண்ட பகல் பயணம் போகிறவர்கள் பத்து அம்பு எப்போதும் பையில் வைத்துக்கொள்ளலாம்.

மறுபக்கம், ஃபர்காட்டன் வேல் பள்ளத்தாக்கில் இருக்கும் பூசாரி கெலபோரிடம் அதே எல்வன் அம்புகளைக் கொடுத்தால் அவர் சூரிய அருளேற்றித் தருவார். அதைச் சூரியன்மீது எய்தால் வானத்திலிருந்து ஒளி வெடித்துச் சுற்றியுள்ள எதிரிகள்மேல் விழும்.

கேள்வி: செரானாவைத் திருமணம் செய்ய முடியுமா? குணப்படுத்த முடியுமா?

திருமணம் முடியாது. குணமாக்கலாம். ஹார்கனை வீழ்த்தும் ‘கிண்ட்ரெட் ஜட்ஜ்மெண்ட்’ குவெஸ்ட் முடிந்த பிறகு அவளிடம் அந்தப் பேச்சை எடுங்கள். கட்டளையிடும் பதில்களை விட்டுவிட்டு, அவளே யோசிக்கட்டும் என்ற தொனியிலுள்ள பதிலைத் தேர்ந்தெடுங்கள். அவளாகவே ஃபேலியனிடம் போய் வருவாள். கண் நிறம் மாறியிருக்கும். அதன் பிறகு உங்களை அவள் வேம்பயர் லார்ட் ஆக்க முடியாது. அந்த எண்ணம் துளி இருந்தாலும் முதலில் உங்கள் காரியத்தை முடித்துக்கொள்ளுங்கள். அவள் வழக்கமான துணைவர் கணக்கில் வருவதில்லை என்பதால் லிடியா போன்ற துணைவர் ஒருவரையும் கூடவே அழைத்துப் போகலாம்.

கேள்வி: முகத்தை மாற்ற முடியுமாமே?

முடியும். ரிஃப்டனில் ராகட் ஃப்ளாகன் மதுக்கடையிலுள்ள கலதில் என்பவர் 1,000 பொன்னுக்கு மாற்றித் தருவார். இனத்தை மாற்ற முடியாது.

கேள்வி: கடைசிச் சண்டையில் ஹார்கன் ரத்தப் பீடத்தில் கவசத்துக்குள் நிற்கிறார். எந்த வாளும் ஏறவில்லை.

அந்தக் கவசத்தை உடைப்பது ஆரியல் வில் மட்டும்தான். சண்டைக்கு முன்பே வில்லையும் வாளையும் பிடித்தமான பட்டியலில் போட்டுவையுங்கள். அவர் வௌவால் கூட்டமாகி மறைந்ததும் திரும்பிப் பீடத்தைப் பாருங்கள். சிவந்த கோளம் தெரிந்த உடனே வில், அது உடைந்ததும் மறுபடி வாள். தாமதித்தால் அவர் உயிரை நிரப்பிக்கொண்டு வருவார். வேம்பயர் லார்ட் உருவில் வில் பிடிக்க முடியாது. எனவே இந்தச் சண்டையை மனித உருவிலேயே நடத்துவது நல்லது.

கேள்வி: சோல் கெய்ர்னில் ஜியூப் என்பவர் கேட்கும் பக்கங்கள் எத்தனை? மெனக்கெட வேண்டுமா?

பத்து. அங்கங்கே சிதறிக் கிடக்கும், உள்ளே இருக்கும்போதே எல்லாவற்றையும் எடுத்துவிடுவது சுலபம். அவர் தரும் பதக்கம் ஸ்டாமினாவை 50-உம், சுமக்கும் எடையை 50-உம் கூட்டும். நெக்ரோமேஜ் உள்ள ரத்தக்காட்டேரி அணிந்தால் இரண்டும் அதற்கு மேல். 2002-இல் வந்த மோரோவிண்ட் ஆடியவர்களுக்கு அவரை நினைவிருக்கும்: கைதிக் கப்பலில் கண் விழித்ததும் முதலில் நம் பெயரைக் கேட்ட ஒற்றைக்கண் மனிதர் அவர்தான்.